டொம்லூர்: மேட்டில் கல்வெட்டு, பள்ளத்தில் ஏரி
பெங்களூருக்குள் இருக்கும் ஒரு கிராமத்தின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரின் பழைய ஏர்போர்ட் ரோட்டில், இந்திராநகர் நூறடி ரோடும் கோரமங்கலா போகும் இன்னர் ரிங் ரோடும் சேரும் மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது டொம்லூர். கன்னடத்தில் தொம்மலூரு. பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்கு இது வெறும் சிக்னல். உள்ளே நுழைந்தால் கார் திரும்ப முடியாத சந்துகளும் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளும் உண்டு. நடுவே சொக்கநாதசுவாமி கோயிலும் அதன் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன.

கெம்பே கௌடர் பெங்களூர்க் கோட்டையைக் கட்டியது 1537இல். டொம்லூர்க் கல்வெட்டு ஒன்றின் ஆண்டு 1270. நகரம் பிறப்பதற்கு இருநூற்று அறுபத்தேழு ஆண்டுகள் முன்பே இந்த ஊருக்குப் பெயரும் கோயிலும் வருவாய்க் கணக்கும் இருந்தன. இந்த ஆய்வுக்கு டொம்லூரை எடுக்கப் பழமை மட்டும் காரணமில்லை. கோயிலுக்கு நிலமும் நீரும் கொடுத்த கல்வெட்டுகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. அந்த நிலமும் நீரும் இன்று எப்படி இருக்கின்றன என்பதையும் அரை நாள் நடந்தால் பார்த்துவிடலாம். கல்வெட்டு படிப்பவர்கள் கோயிலோடு நின்றுவிடுகிறார்கள், ஏரிக்காகப் போராடுபவர்கள் கோயிலுக்குள் வருவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும்.

கோயிலும் ஊர்ப்பெயரும்

சொக்கநாதர் என்றதும் தமிழருக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். டொம்லூரில் இருப்பவர் பெருமாள், தேவியருடன். கல்வெட்டில் அவர் பெயர் சொக்கப்பெருமாள். சொக்கு என்றால் அழகு. சிவனுக்கும் திருமாலுக்கும் பொருந்துகிற பெயர். பெயரை மட்டும் கேட்டுவிட்டு இதைச் சிவன் கோயில் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஊருக்குக் கல்வெட்டில் இரண்டு பெயர்கள். ஒன்று தொம்பலூர், மற்றொன்று தேசிமாணிக்கப்பட்டணம். முதல் பெயர்தான் தேய்ந்து டொம்லூர் ஆனது. இரண்டாவது பெயர் மறைந்துவிட்டாலும் சேதி அதில்தான் கூடுதல். கடல் இல்லாத இடத்தில் பட்டணம் என்ற சொல் வணிக ஊரைக் குறிக்கும். 'தேசி' என்பது நானாதேசி போன்ற வணிகக் குழுப் பெயர்களில் வருவது. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஏறிவந்த வழியொன்றில் வணிகர் தங்கிய ஊராக இது இருந்திருக்கலாம் என்று பெயரை வைத்து ஊகிக்கலாம். ஊகம் என்பதைச் சொல்லியே எழுத வேண்டும்.

கோயில் 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கங்கர் தலைநகரான தலக்காட்டைச் சோழர் பிடித்தது 1004 வாக்கில். அதன் பிறகுதான் இந்தப் பகுதியில் அவர்கள் ஆட்சி ஊன்றியது. ஆகவே கோயிலின் காலத்தைச் சொல்லும்போது மரபையும் கல்வெட்டு தரும் ஆண்டையும் தனித்தனியாக எழுதுவது நேர்மை. ஆண்டு தெரிந்த கல்வெட்டுகளில் பழையவை ஹொய்சளர் காலத்துக்குரியவை.

ஹொய்சள அரசன் கல்வெட்டு ஏன் தமிழில் இருக்கிறது? 1254இல் சோமேஸ்வரனின் நாடு இரு மகன்களுக்குப் பிரிந்தது. ஹொய்சளத் தலைநகர் தோரசமுத்திரம் நரசிம்மனுக்கு, தெற்கும் கிழக்கும் இராமநாதனுக்கு. இராமநாதனின் தலைநகர் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர். பாண்டியர் அவனை அங்கிருந்து தள்ளிய பிறகு ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணிக்கு வந்தான். பெங்களூரின் கிழக்குப் பகுதி அவன் கையில் இருந்தது, அவன் நிர்வாகம் தமிழில் நடந்தது. இதை வைத்துக்கொண்டு ஊர் யாருடையது என்று இன்றைக்கு வழக்காடுவது வரலாற்றுக்குச் செய்யும் கேடு. பேகூரில் 890 வாக்கில் வெட்டப்பட்ட, பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் கல் கன்னடத்தில் இருக்கிறது. டொம்லூர்க் கல் தமிழில் இருக்கிறது. இரண்டும் இந்த மண்ணின் ஆவணங்கள்.

கல்லில் இருப்பது

பி. எல். ரைஸ் தொகுத்த கல்வெட்டு நூல் வரிசையான எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி, 1905இல் வெளியானது, பெங்களூர் மாவட்டத்துக்கானது. டொம்லூர்க் கல்வெட்டுகள் அதில் உள்ளன. அவற்றின் சாரம்:

1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் அழகியார் என்பவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தி இருக்கிறது. சின்னக் கொடைதான். ஆனால் அந்த ஆண்டில் கோயிலில் கட்டட வேலை நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் கருவறையைப் பார்க்கும் கவனத்தில் பாதியை நிலைக்கால்களுக்கும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றில் தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் ஜலப்பள்ளி என்ற ஊரின் நிலத்தையும் விண்ணமங்கலம் ஏரியைச் சார்ந்த நிலத்தையும் இறைவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1290ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இராமநாதன் தொம்பலூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் விடுகிறான். தன் நாட்டுக் கோயில் பொறுப்பாளர்களுக்கு அவன் இட்ட ஆணையும் இங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தில் தொம்பலூரைச் சுற்றியிருந்த வீடுகள், கிணறுகள், நிலங்கள், அவற்றின் வரி, சுங்கம் எல்லாம் சொக்கப்பெருமாளுக்குப் போகின்றன.

வீடு, கிணறு, நிலம், ஏரி, சுங்கம். இதைத்தான் நாம் இன்று சர்வே ரெக்கார்டு என்கிறோம்.

பெயர் ஒப்பிடுவதில் வழுக்கும் இடங்கள்

தமிழ்க் கல்வெட்டில் வரும் ஊரை இன்றைய கன்னட ஊர்ப்பெயரோடு பொருத்த இரண்டு ஒலி மாற்றங்கள் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் சொல் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாகும்: வா – பா, வில் – பில்லு. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் – ஹாலு, பாம்பு – ஹாவு, பள்ளி – ஹள்ளி.

முதல் விதிப்படி விண்ணமங்கலம் பின்னமங்கலா ஆகிறது. டொம்லூருக்கு அடுத்திருக்கும் இந்திராநகரின் பழைய பெயர் பின்னமங்கலாதான். பக்கத்து ஊர் ஏரியின் நிலத்தை இந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுப்பது இயல்பு. பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் நெலமங்கலத்துக்கு அருகிலும் ஒரு பின்னமங்கலா இருக்கிறது. அங்கே குலோத்துங்க சோழன் காலத்து முக்திநாதேஸ்வரர் கோயில், அதன் கல்வெட்டிலும் விண்ணமங்கலம்! ஒலி விதி இரண்டுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். தீர்மானிக்க உதவுவது தூரமும் நாட்டுப் பிரிவும்தான். ஊர் எந்த நாட்டில் இருந்தது என்று கல்வெட்டு சொல்லும். உதாரணமாக எலஹங்காவைச் சுற்றிய பகுதி சோழர் கல்வெட்டுகளில் இலைப்பாக்க நாடு. அந்த வரியைப் பார்க்காமல் பெயரை மட்டும் பொருத்தக் கூடாது.

இரண்டாம் விதி ஜலப்பள்ளியை ஜலஹள்ளி ஆக்கிவிடும். ஜலஹள்ளி நகரின் வடமேற்கே, டொம்லூரிலிருந்து ஒரு நகரத்துக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் கோயில் நிலம் இருக்கக் கூடாது என்று விதி இல்லை. பெயர் ஒத்துவந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டு, எல்லை சொல்லும் வரிகளில் அண்டை ஊர்கள் யார் என்று பார்த்த பிறகே அதுதான் என்று எழுத வேண்டும்.

எழுத்திலும் சிக்கல் உண்டு. அக்காலக் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். தொம்பலூரைத் தோம்பலூர் என்றும் படிக்க முடியும். வடசொற்கள் கிரந்த எழுத்தில் நடுநடுவே வரும். பள்ளிக்கூடத் தமிழ் தெரிந்தவர் இரண்டு மூன்று மாதம் பழகினால் 13ஆம் நூற்றாண்டுக் கல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். முதலில் ஸ்வஸ்திஸ்ரீ என்ற மங்கலச் சொல்லைக் கண்டுபிடியுங்கள், வரி தொடங்கும் இடம் அதுதான். சக ஆண்டு இருந்தால் 78ஐக் கூட்டுங்கள். சகம் 1192 என்றால் 1270. ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதியாக இருந்தால் 79.

கல்லைக் கெடுக்காமல் படிக்க

கோயில் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்குங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று கோலமாவோ விபூதியோ சாக்பீஸோ தேய்க்காதீர்கள். மாவு பூச்சியையும் பூஞ்சையையும் கூட்டிவரும், சாக்பீஸ் விளிம்பைத் தேய்க்கும். எண்ணெய் தடவினால் தூசி ஒட்டிக் கறுத்துப்போகும், பிறகு ஆசிட் போட்டுக் கழுவுவார்கள், அத்தோடு கல் போயிற்று. கம்பி பிரஷ் கூடவே கூடாது. வெறும் தண்ணீரும் மெல்லிய தேங்காய்நார் பிரஷும் போதும்.

படம் எடுக்க நல்ல நேரம் இருட்டிய பிறகு. கேமராவைக் கல்லுக்கு நேராக வைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில், பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில் பிடியுங்கள். இடம், வலம், மேல் என்று மூன்று பக்கமிருந்து ஒளி கொடுத்து மூன்று படம். மேலிருந்து ஒளி கொடுத்தால் தெரியாத நெடுங்கோடுகள் பக்க ஒளியில் தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் பதித்து எடுப்பது, பழகியவர் வேலை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அரை ஈரத்தில் மையுருண்டையால் மேலே ஒற்ற வேண்டும். தாள் ரொம்ப ஈரமாக இருந்தால் மை பள்ளத்துக்குள் பரவி எழுத்தே மறையும். காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். இப்போது கல்லைத் தொடாமலே முப்பரிமாண ஸ்கேன் எடுக்க வழி இருக்கிறது. 1909இல் தொடங்கிய பெங்களூர் மிதிக் சொசைட்டி, நகரின் கல்வெட்டுகளை 2021 முதல் இப்படிப் பதிவுசெய்து வருகிறது. தேய்ந்த கல்லுக்கு அதுவே சிறந்த வழி.

பெங்களூர்க் கோயில் கல்வெட்டுகளுக்குப் பெரிய ஆபத்து பக்தியோடு செய்யும் புதுப்பித்தல்தான். எனாமல் பெயின்ட், சுவரில் டைல்ஸ், தரையை உயர்த்தும் கான்கிரீட், மணல் வீச்சு. தரை ஓரடி உயர்ந்தால் அதிட்டானத்தின் – கோயிலின் அடிப்பீடத்தின் – அடிவரிகள் புதைந்துபோகும். கும்பாபிஷேகத் திட்டம் பேசப்படும்போதே படங்களை அச்சிட்டுக் குழுவிடம் கொடுத்துவிடுவது நல்லது. எழுத்து என்று தெரிந்தால் பூச மாட்டார்கள், பெரும்பாலும் தெரியாமல்தான் பூசுகிறார்கள்.

ஏரி எது, கரை எது

பெங்களூர்த் தமிழர் தினமும் கேட்டும் கவனிக்காத ஒன்று. கன்னடத்தில் கெரெ என்றால் நாம் சொல்லும் ஏரி. கன்னடத்தில் ஏரி என்றால் நாம் சொல்லும் கரை. இரண்டு மொழியிலும் இரண்டு சொற்களும் இடம் மாறி நிற்கின்றன. கன்னட ஆவணத்தில் 'ஏரி' என்று இருந்தால் அது மண்கரை. அதைத் தமிழில் அப்படியே ஏரி என்று எழுதினால் எல்லைக்கோடு கரையிலிருந்து நீர்ப்பரப்புக்குப் போய்விடும். மற்றவை அவ்வளவு தொல்லை தராது, தமிழ்ச் சொல் முதலில். தூம்பு – தூபு, கலிங்கு – கோடி, ஆயக்கட்டு – அச்சுக்கட்டு, வரத்துக்கால் – ராஜகாலுவே.

இந்த அறிவோடு டொம்லூரைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்து ஊர் கோடிஹள்ளி. ஏரி நிரம்பி வழியும் இடத்து ஊர் என்று அந்தப் பெயரைக் கொள்ள இடமுண்டு. கோனேன அக்ரஹாரா, கொடையாகக் கொடுத்த ஊரைச் சொல்லும் பெயர். சல்லகட்டா ஒரு பெரிய ஏரிக்குப் பெயர் தந்த ஊர்.

பெங்களூர் ஆறில்லாத மேட்டு நகரம். நடுவே ஓடும் மேட்டு முகட்டிலிருந்து நீர் மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது: ஹெப்பாள், விருஷபாவதி, கோரமங்கலா–சல்லகட்டா. டொம்லூர் மூன்றாவதில். பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 888 மீட்டர். அங்கிருந்து தெற்கிலும் தென்கிழக்கிலும் நிலம் பெல்லந்தூரை நோக்கிச் சரிகிறது. ஒரு ஏரியின் கோடியில் வழிந்தது அடுத்த ஏரிக்கு வரத்து. அந்தத் தொடரில் டொம்லூர் ஏரி, கோடிஹள்ளி ஏரி, சல்லகட்டா ஏரி எல்லாம் இருந்தன. டொம்லூர் ஏரி வீட்டுமனை லேஅவுட் ஆனது. சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நகரின் நடுவே சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் தர்மாம்புதி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும் ஆன அதே கதை.

பெல்லந்தூருக்குப் பின் வர்த்தூர், அதன் பின் தட்சிண பினாகினி. எல்லை தாண்டினால் அதற்குப் பெயர் தென்பெண்ணை. டொம்லூர்ச் சாக்கடையில் விழுவது ஓசூர்க் கெலவரப்பள்ளி அணைக்குப் போய், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலைச் சேர்கிறது. கெலவரப்பள்ளி மதகில் நுரை பொங்கும் படத்தைச் செய்தியில் பார்க்கும் பெங்களூர்த் தமிழர், அதில் நம் குளியலறைத் தண்ணீரும் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏரி போனால் நீர் எங்கே போகும்

2022 செப்டம்பர் 5 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மி.மீ. மழை. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அந்த ஒரு ஏக்கரில் மட்டும் விழுந்தது ஏறக்குறைய 5 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர், 12,000 லிட்டர் லாரி நாற்பத்து நாலு. வயலாக இருந்தபோது அதில் பெரும்பகுதி மண்ணில் இறங்கியிருக்கும். இப்போது கூரையும் சிமென்ட்டும் தார் ரோடும் என்பதால் பெரும்பகுதி ஓடியே வரும், அதுவும் ஒரே நேரத்தில் வரும். ஏரி இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு கோடி வழியாக மெதுவாக விடும். ஏரி இல்லாதபோது ராஜகாலுவே மட்டுமே அதைச் சுமக்க வேண்டும். அதன் அகலத்தையும் கட்டடங்கள் தின்றிருந்தால் தண்ணீர் பழைய ஏரிப் படுகைக்கே திரும்பிவந்து நிற்கும். பள்ளத்து வீடுகளில் கழிப்பறை வழியாகத் தண்ணீர் மேலே வருவதும் இதனால்தான். காலுவே நிரம்பியதும் பாதாளச் சாக்கடை எதிர்த்திசையில் தள்ளும்.

ஊர் ஏன் மேட்டில், ஏரி ஏன் பள்ளத்தில் என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. கோயிலும் பழைய வீடுகளும் இருக்கும் இடம் கிராமடாணா, நம் ஊர்க் கிராமநத்தம் மாதிரி. பல தலைமுறை மழையைப் பார்த்த பிறகு தேர்ந்த இடம் அது. புது லேஅவுட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வீடோ மனையோ வாங்குமுன்

வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடத்தை எடுங்கள். சர்வே எண்ணோடு கெரெ, காலுவே, வண்டிப்பாதை, கிராமடாணா எல்லாம் அதில் இருக்கும். பஹணியில் – நம் அடங்கல் போன்றது – கராப் என்ற கட்டத்தைப் பாருங்கள். ஏ-கராப் என்றால் பட்டா நிலத்துக்குள் பயிர் செய்ய முடியாத துண்டு. பி-கராப் என்றால் பொதுப் பயன்பாட்டு நிலம்: ஏரி, கால்வாய், பாதை, சுடுகாடு. பி-கராப் நிலத்தின் மேல் எழுதிய கிரயப் பத்திரம் எத்தனை கை மாறினாலும் அதன் குறை தீராது. நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைப் போனில் காட்டும் மாநில அரசின் திஷாங்க் செயலியில் காலுவே கோட்டையும் பார்க்கலாம். சில மீட்டர் பிசகு வரும், ஆகவே அது தொடக்கத்துக்கு மட்டும். முடிவுக்கு உரிமம் பெற்ற சர்வேயர் தேவை.

காலுவேயிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்பதில் விதிகள் மாறிவந்திருக்கின்றன. 2015க்கான திருத்திய மாஸ்டர் பிளானில் ஏரிக்கு 30 மீட்டர். கால்வாய்க்கு அதன் நடுக்கோட்டிலிருந்து வகைக்கு ஏற்ப 50, 25, 15. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஏரிக்கு 75, கால்வாய்க்கு 50, 35, 25 என உயர்த்தியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உயர்வை நீக்கியது. தரகர் சொல்லும் கணக்கு எந்த ஆண்டுடையது என்று கேளுங்கள், வாங்கும் நாளில் நடப்பில் இருக்கும் ஆணையைப் பாருங்கள்.

சரிவைத் தெரிந்துகொள்ளப் போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், அது பல மீட்டர் பிசகும். தெருவில் வித்தியாசம் சில அங்குலம்தான். கொத்தனாரின் தண்ணி லெவல் டியூப் ஒன்று, பதினைந்து இருபது மீட்டர் நீளம், போதும். கோயில் படியில் தொடங்கி ஒவ்வொரு முனைக்கும் மட்டம் எடுத்து எழுதிக்கொண்டே பள்ளத்துக்கு இறங்குங்கள். டியூபில் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகும், தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் குமிழி கண்ணுக்குத் தெரியும். டியூபின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடக்க வேண்டாம். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே மட்டம் திரும்ப எடுங்கள். விரற்கடைக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

மழை வெள்ளம் வந்தால் வடிந்த அன்றே சுவரில் நின்ற கோட்டை அளந்துவிடுங்கள். மறுநாள் கழுவிவிடுவார்கள். வாசற்படியிலிருந்து எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது, நிறம் செம்மண்ணா கறுப்பா. செம்மண் நிறம் என்றால் மேட்டிலிருந்து ஓடிவந்தது, கறுப்பு என்றால் சாக்கடை எதிர்த்தது. இந்த நான்கு குறிப்பையும் பழைய கிராம வரைபடத்தின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று மழைக்காலத்தில் புள்ளிகள் சேர்ந்து பழைய ஏரியின் ஓரத்தைக் காட்டத் தொடங்கும்.